பெட்டி எண் 23

வீடு மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. சாமான்களை நாமே கட்டி, நாமே தூக்கி, கடைசியில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவது ஒரு வகை. 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' ஆட்களைப் பணம் கொடுத்து வரவழைத்து, அவர்கள் தூக்குவதைப் பார்த்து, "ஐயோ மெதுவா, மெதுவா!" என்று கத்திவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இன்னொரு வகை. 2024 ஆவணியில் நான் இந்த இரண்டாவது வகையில் சேர்ந்தேன்.

மாற்றியது என் வீட்டையல்ல, அம்மாவின் வீட்டை. திருச்சி பொன்மலைப்பட்டியிலிருந்து சென்னை மடிப்பாக்கத்துக்கு.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். பி.எஃப். லோன் போட்டு 1996ல் கட்டிய வீடு அது. அப்பா போன பிறகு மூன்று வருஷமாக அம்மா மட்டும்தான் அதில் இருந்தாள். ஆனி மாதம் ஒரு நாள் காலை, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லருகே பாசி வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மா ஏதோ கேட்பதற்காக வந்து எட்டிப் பார்க்கும் வரை, அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறாள்.

அந்த அரை மணி நேரம் என்னைப் பல ராத்திரி தூங்க விடவில்லை. "இனிமேல் அம்மா தனியாக இருக்க வேண்டாம்" என்றேன். மஸ்கட்டில் இருக்கும் தங்கை வீடியோ காலில் வழிமொழிந்தாள். என் மனைவி, "அந்தச் சின்ன ரூமை அத்தைக்குக் கொடுத்துடலாங்க" என்றாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ எங்க உக்காந்தாலும் எழுதலாம்தானே?"

நியாயமான கேள்வி. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஆபீஸ் கிடையாது, ஆகவே 'வீட்டில் சும்மா இருக்கிறவன்' என்று குடும்பத்தில் பெயர். ஆனால் மனைவிக்கு சென்னையில் பேங்க் வேலை. பெண்ணுக்கு இரண்டாம் வகுப்பு. அதையெல்லாம் விளக்கினேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அதுவும் சரிதான்" என்று எழுந்து போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

*

அம்மா எதிர்ப்பே தெரிவிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பஞ்சாங்கம் மூலமாகத் தெரிவித்தாள்.

"ஆடியில எங்களுக்கு வேலை கம்மி சார். ரேட்டைக் குறைச்சுத் தர்றோம்" என்றார் மூவர்ஸ் ஆபீஸ்காரர். பி.காம். படித்தவன் காதில் இது தேனாகப் பாய்ந்தது.

"ஆடி மாசம் யாராவது வீடு மாத்துவாங்களாடா?" என்றாள் அம்மா. போச்சு டிஸ்கவுண்ட்.

"ஆவணி முதல் வாரம்?"

"கைக்கட்டு இப்பத்தானே பிரிச்சிருக்கு."

"ரெண்டாவது வாரம்?"

"நீ சொல்ற அன்னிக்கு அஷ்டமி. மறுநாள் நவமி."

ஆவணியைத் தள்ளிவிட்டால் புரட்டாசி வந்துவிடும், அதில் குடி போகக் கூடாது. ஐப்பசியில் மழை, கார்த்திகையில் இன்னும் மழை, மார்கழியைக் கேட்கவே வேண்டாம். அம்மா நிதானமாகத் தையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள். கடைசியில் டீச்சரம்மாதான், "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. இந்தப் புதன்கிழமை நல்லாத்தானே இருக்கு?" என்று காலண்டரில் விரல் வைத்தார். கட்சி மாறிய எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது போல அவரை ஒரு பார்வை பார்த்தாள் அம்மா.

தேதி முடிவானதும் மூன்று இடங்களில் ரேட் கேட்டேன். இப்போது யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. போனில் வீடியோ காட்டச் சொல்கிறார்கள். "பீரோ ஒண்ணு, கட்டில் ரெண்டு, மூலையில ஒரு மூட்டை..." என்று எண்ணினார் ஒருவர். "அது மூட்டை இல்லீங்க, எங்கம்மா உக்காந்திருக்காங்க" என்று திருத்தினேன்.

ஒருவர் 14,000 ரூபாய் என்றார். இன்னொருவர் 32,000. நடுவில் ஒருவர் 21,500. ஒரே வீடு, ஒரே வீடியோ! குடைந்து குடைந்து கேட்டதில் மர்மம் விலகியது. 14,000 என்றால் நம் சாமானோடு வேறு இரண்டு பேர் சாமானும் அதே லாரியில் வரும். இறக்கி, ஏற்றி, எப்போது வந்து சேரும் என்பது லாரிக்கே தெரியாது. மாடிக்குத் தூக்கத் தனிக் கூலி, பிரித்து வைக்கத் தனிக் கூலி என்று வழியெல்லாம் குட்டி போட்டுக்கொண்டே வரும். 21,500ல் தனி லாரி, கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது, பிரிப்பது எல்லாம் அடக்கம். "அடக்கம்னா அடக்கம்தானே?" என்று மூன்று தடவை கேட்டு, வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வது லாரி புறப்படும் வரைதான் செல்லும்.

*

ஒரு வாரம் முன்னதாகவே திருச்சி போய்விட்டேன். "சாமானைக் குறைச்சா லாரி சின்னதாகும். லாரி சின்னதானா பில்லும் சின்னதாகும்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். கூடத்தில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டேன். எடுத்துப் போவது, யாருக்காவது கொடுப்பது, எறிவது.

சாயங்காலம் பார்த்தால் நான்காவதாக ஒரு குவியல் முளைத்திருந்தது.

"இது என்னம்மா?"

"பார்க்கலாம்."

மற்ற மூன்று குவியலையும் சேர்த்தால்கூட அதில் பாதி தேறாது. ஹார்லிக்ஸ் பாட்டில் முப்பத்தொன்று. சைக்கிள் போய்ப் பத்து வருஷமான பிறகும் சைக்கிள் பம்ப். கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள். கரி போட்டு இழுக்கிற இஸ்திரிப் பெட்டி. மஞ்சள் பை ஒரு மூட்டை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து அம்மா பைண்டு போட்டிருந்த பத்தொன்பது புத்தகங்கள். அவற்றை மட்டும் நானே எடுத்துப் போகிற குவியலுக்கு மாற்றினேன். பத்திரிகையில் எழுதிச் சாப்பிடுகிறவன் அவற்றை எடைக்குப் போட்டால், தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொண்ட மாதிரி.

வீடு மாறப் போகும் வாசகர்களுக்காக, அந்த ஒரு வாரத்தில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டார்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டையும் அதற்கான காகிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய ஊரில் கனெக்‌ஷன் எடுக்க அந்தக் காகிதம்தான் ஆதாரம். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியின் அடி கழன்றுவிடும், சின்னப் பெட்டிதான் சரி. பீங்கான் தட்டுகளைப் படுக்க வைக்காமல், பழைய துணி சுற்றி நிற்க வைக்க வேண்டும். கட்டிலைக் கழற்றினால் அதன் திருகாணிகளைச் சின்னக் கவரில் போட்டு, அந்தக் கட்டில் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் புது வீட்டில் ஒரு மாதம் தரையில்தான் படுக்கை. நகை, பத்திரம், மருந்து மூன்றும் நம் கைப்பையில் வரட்டும்.

ஃப்ரிட்ஜ்தான் இருப்பதிலேயே பெரிய மனுஷன். முதல் நாளே அணைத்து, ஐஸ் கரைந்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்துக் காய வைக்க வேண்டும். பயணத்தில் படுக்க வைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் உடனே ஸ்விட்சைப் போடக் கூடாது. சில மணி நேரம் சும்மா நிற்க விட வேண்டும். உள்ளே ஓடும் எண்ணெயெல்லாம் தன் இடத்துக்குத் திரும்பிவர அவகாசம் வேண்டுமாம். இதை நான் விளக்கியபோது டீச்சரம்மாவும் அங்கே இருந்தார். "அடேயப்பா, மாப்பிள்ளை உபசாரம்தான்!" என்றார்.

*

அடுத்து வந்தது 'மதிப்பு' என்கிற கட்டம். சூப்பர்வைசர் அனுப்பிய படிவத்தில் மூன்று பத்திகள். சாமான், எண்ணிக்கை, மதிப்பு. அந்த மதிப்பின் மேல் நூற்றுக்கு மூன்று ரூபாய் டிரான்சிட் இன்ஷூரன்ஸ்.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். சோம்பல் முறித்து எழுந்தான். வருமான வரிக் கணக்கில் மேஜை நாற்காலி வகையறாவுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். கோத்ரெஜ் பீரோ வாங்கியது 1987ல், 2,500 ரூபாய்க்கு. அதாவது நானும் பீரோவும் ஒரே வருஷத்தில் இந்தக் குடும்பத்துக்கு வந்தவர்கள். முப்பத்தேழு வருஷத் தேய்மானம் கழித்தால் பீரோவின் இன்றைய மதிப்பு 50 ரூபாய் 69 காசு! போனில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உங்களுக்கும் அதே வயசுதானே?" என்றாள். மேற்கொண்டு பேசவில்லை.

இப்படியே எல்லாவற்றையும் தேய்த்து, மொத்தமே 46,800 என்று முடித்தேன். பிரீமியம் எவ்வளவு மிச்சம் பாருங்கள்! சூப்பர்வைசர் சிரித்தார். "சார், உடைஞ்சா புதுசு வாங்குற விலையா போடணும்? தேஞ்ச விலையா போடணும்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் காலேஜில் மனப்பாடம் செய்த 'ஆவரேஜ் கிளாஸ்' ஞாபகம் வந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பெறுமான சாமானை தொண்ணூறாயிரம் என்று பாதி காட்டினால், பத்தாயிரத்துக்குச் சேதம் ஆனாலும் ஐயாயிரம்தான் கிடைக்கும். கஞ்சத்தனத்துக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு அது. பரீட்சையில் இதற்கு எட்டு மார்க் வாங்கியவன், வாழ்க்கையில் கோட்டை விட இருந்தேன். உட்கார்ந்து நியாயமாகக் கூட்டினேன். 1,80,000. பிரீமியம் 5,400. ஜி.எஸ்.டி. 972. போகட்டும்.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு படிவத்தோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். "பார்க்கலாம்" குவியல் இன்னும் அப்படியே இருந்தது.

"இதையெல்லாம் விட மனசு வரலைன்னா எடுத்துட்டே போயிடலாம்மா. லாரியில இடம் பண்ணச் சொல்றேன்" என்றேன், பெரிய மனசு பண்ணி.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடா இந்த டப்பாவெல்லாம்? எல்லாத்தையும் எறிஞ்சாலும் எனக்கு ஒண்ணும் இல்லை. தள்ளிக்கிட்டே போனா நாலு நாள் கூடக் கிடைக்குமேன்னு பார்த்தேன்."

நான் பேசாமல் இருந்தேன்.

"நாலு மணி ஆனா டீச்சர் வந்து, 'காபி ஆச்சா?'ன்னு நிப்பாங்க. இருபத்தெட்டு வருஷமா. உங்கப்பா போன அன்னிக்குக்கூட வந்தாங்க. காபி கேக்கலை, அவங்க வீட்டுல போட்டு எடுத்துட்டு வந்தாங்க." அம்மா படிவத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல அதை எந்தப் பெட்டியில போடுவே?"

சாமான், எண்ணிக்கை, மதிப்பு. மூன்று பத்தியையும் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அரை மணி நேரம் ஞாபகம் வந்தது. "நீ விழுந்து கிடந்தியேம்மா" என்றேன்.

"தெரியும்டா. அதனாலதானே வரேன்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

*

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கே வந்து நின்றார்கள் சூப்பர்வைசரும் நான்கு பையன்களும். "எமகண்டம் ஒன்பது வரைக்கும் இருக்கு, சாமான்ல கை வைக்காதீங்க" என்று அம்மா திண்ணையில் உட்கார வைத்துவிட்டாள். டீச்சரம்மா வீட்டிலிருந்து இட்லி வந்தது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள் பாருங்கள்! அட்டையைச் சுற்றுகிறார்கள், மேலே குமிழ் பிளாஸ்டிக், அதற்கு மேல் டேப். 'கிர்ர்ர்... கிர்ர்ர்...' என்று வீடு முழுக்க டேப் இழுக்கிற சத்தம். நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துத் திரும்புவதற்குள் அது பார்சலாகிவிட்டது.

பீரோவுக்கு ஆள் உயரப் போர்வை போர்த்தினார்கள். பாத்திர அலமாரியிடம் வந்த சூப்பர்வைசர், "பாத்திரம், ஒரு லாட்" என்று எழுதினார்.

"ஒரு லாட்டா?" என்றாள் அம்மா. "தம்பி, அது ஒவ்வொண்ணும் ஒருத்தர் குடுத்தது."

பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அது அம்மாவின் எல்லா எவர்சில்வரிலும் உண்டு. அண்டாவில் 'பொன்மலை நண்பர்கள்'. குடத்தில் பெரியத்தை. சம்புடத்தில் சித்தப்பா, தேதியோடு. சூப்பர்வைசர் மணப்பாறைப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து வாசித்தார். அம்மா, "அவங்க இல்லை இப்போ", "அவன் ஓசூர்ல இருக்கான்", "இவங்களோட பேச்சு விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இருபது நிமிஷத்தில் மொத்தக் குடும்பமும் மூன்று பெட்டிக்குள் போனது.

இருபத்திரண்டு பெட்டி ஆயிற்று. இருபத்து மூன்றாவதை மட்டும் அம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதை நான் கட்டிக்கறேன்."

"நீங்களே கட்டினா உள்ளே இருக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்லைம்மா. உடைஞ்சா இன்ஷூரன்ஸும் வராது" என்றார் சூப்பர்வைசர். உண்மைதான், அதுதான் அவர்கள் விதி.

"எவர்சில்வர் உடையாதுப்பா. டபரா டம்ளர் ஆறு செட். எழுதிக்கோ."

கிரகப் பிரவேசத்துக்கு டீச்சரம்மா கொடுத்த செட் அது. எழுதிக்கொண்டார். பெட்டி எண் 23, டபரா டம்ளர், 6 செட், உரிமையாளர் கட்டியது. மதிப்பு? அம்மா என்னைப் பார்த்தாள். நான் கோடு போடச் சொன்னேன்.

பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம். அதற்கப்புறம்தான் லாரியில் ஏற்றினார்கள். கனமானது அடியில், லேசானது மேலே, ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்ற வாக்கில். பழைய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி.யில் இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட, பட்டியலில் ஒரு பிரதி டிரைவர் கையில். மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு பெட்டி தவிர.

"சார், இருபத்து மூணு?" என்றார் சூப்பர்வைசர்.

உள்ளே போய்ப் பார்த்தேன். காலிக் கூடத்தில், சாக்பீஸ் கட்டத்துக்கு நடுவே, தரையில் அம்மாவும் டீச்சரம்மாவும். எங்கள் வீட்டில்தான் அடுப்பு இல்லையே, எதிர்வீட்டிலிருந்து பாத்திரத்தோடு காபி வந்திருந்தது. இரண்டு பேரும் ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீர் வரி கட்டுவது, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி, இந்த மாதிரி.

வெளியே வந்து, "பத்து நிமிஷம்" என்றேன். சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார், வாசல் வழியாக உள்ளே ஒருமுறை பார்த்தார். "டேய், லாரியை அணைடா. டீ குடிச்சிட்டு வரலாம்" என்று பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முகம் தெரியாதவர்தான். இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

நாலரைக்குப் பெட்டி 23 டேப் போட்டு வந்தது. அம்மாவே டேப் போட்டிருந்தாள், முறிந்து கூடிய கையால், கோணல்மாணலாக.

வீட்டுச் சாவி டீச்சரம்மாவிடம். காமாட்சி விளக்கும் அப்பா படமும் அம்மாவின் பையில். "லாரி சாமானுக்கு. மனுஷங்களுக்கு ரயில்தான்" என்று சொல்லிவிட்டாள். ரயில்வேக்காரர் மனைவி வேறு என்ன சொல்வாள்? ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினோம். பொன்மலை பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

*

சாமான் வந்து சேர்ந்தது. அதிலும் ஒரு பாடம் உண்டு. டெலிவரி தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டிகளை எண்ணி, நசுங்கல் உடைசல் இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டு, பிறகு போடுங்கள். மொத்தம் இருபத்து நான்கு பெட்டி, இருபத்து நான்கும் வந்தன. ஒரு குடத்தில் மட்டும் சின்ன நசுங்கல். "அது உன் தங்கச்சி நாலு வயசுல போட்டது" என்று அம்மா சர்ட்டிஃபிகேட் கொடுத்ததால் கிளெய்ம் எழுதவில்லை. எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி, லிஃப்டில் பீரோ ஏற்றக் கூடாது என்று விதி காட்டினார். மூன்று மாடியும் படிக்கட்டில் ஏறியது பீரோ. 50 ரூபாய் 69 காசுக்கு ராஜ மரியாதை!

இரண்டு நாளில் எல்லாப் பெட்டியும் பிரித்தாயிற்று. 23 மட்டும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போனது.

"அத்தை, அதையும் பிரிச்சு அடுக்கிடவா?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா. என்ன அவசரம்?"

ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. என் பெண் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மா சாப்பிட்டாள், கோயிலுக்குப் போனாள், டி.வி. பார்த்தாள். நான்கு மணிக்கு மட்டும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். அந்தப் பக்கம் டீச்சரம்மா. பேசி முடித்து வந்து, எங்கள் வீட்டுப் பூப்போட்ட பீங்கான் கப்பில் காபியை ஊற்றி, ஆற்ற முடியாமல், சூடு குறையும் வரை அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பி.காம். கணக்கில் 'கூட்ஸ் இன் டிரான்சிட்' என்று ஒன்று வரும். தலைமை ஆபீஸிலிருந்து சரக்கு கிளம்பிவிட்டது. கிளைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வருஷக் கடைசியில் அதை இரண்டு பக்கக் கணக்கிலும் காட்ட முடியாது, தனியாக ஒரு வரி எழுதி நிறுத்தி வைக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தால் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. கட்டி வைத்த பெட்டி ஒன்று இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று வைத்திருக்கிறாளோ?

பொறுக்க முடியாமல் ஒரு நாள் டீச்சரம்மாவுக்கு நானே போன் செய்தேன். "அம்மா இன்னும் அந்தப் பெட்டியைப் பிரிக்கலை. நான் கூட்டிட்டு வந்தது தப்பா டீச்சர்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஃப்ரிட்ஜையே போய் இறங்கின உடனே போடக் கூடாது, கொஞ்சம் நிக்க விடணும்னு நீதானே தம்பி சொன்னே? மனுஷிக்கு எத்தனை நேரம் ஆகும்? சும்மா விடு" என்றார்.

சும்மா விட்டேன். எனக்கு அது சுலபமாக வரவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் எதிர் ஃப்ளாட் அம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றார். போஸ்ட் ஆபீஸில் ரிட்டயரானவர். தயிருக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வேண்டுமாம். அம்மா ஊற்றிக் கொடுத்தாள். வாசலிலேயே அரை மணி நேரம் பேச்சு. மறுநாள் நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் கறிவேப்பிலை ஒரு கொத்து.

"உள்ளே வாங்க. காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றாள் அம்மா.

நான் உள் அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். டிகாக்‌ஷன் வாசனை வந்தது. அடுக்களையில் பீங்கான் கப்பை எடுக்கிற சத்தம், உடனே திரும்ப வைக்கிற சத்தம். அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டேய், கத்தரிக்கோல் எங்க வெச்சிருக்கே?"

கொடுத்தேன். பின்னாலேயே போகாமல் ஒரு நிமிஷம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேப் கிழிகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

விருந்தாளி போன பிறகு, கழுவிக் கவிழ்த்திருந்த டபரா டம்ளர்களை எண்ணினேன். எனக்கு எண்ணாமல் இருக்க வராது. ஐந்து செட்தான் இருந்தது.

"ஆறுன்னு எழுதினோமேம்மா. ஒரு செட் எங்கே?"

"அன்னிக்குக் குடிச்சு முடிச்சதும் டீச்சர்கிட்டேயே ஒண்ணைக் குடுத்துட்டேன். நாலு மணிக்கு அவங்க அதுலதான் குடிக்கிறாங்க." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட முடியுமா?"

"தை மாசம் அந்த வீட்டை வாடகைக்கு விடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றாள்.

அலமாரியிலிருந்து மூவர்ஸ் பட்டியலை எடுத்தேன். 23க்கு நேரே மட்டும் டிக் போடாமல் இருந்தது. போட்டேன். பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:

'ஒரு செட் குறைவு. கிளெய்ம் இல்லை.'